பிரெஞ்சு நாட்டிற் செலவும் ஊர்தியும்

'செலவு' என்னும் சொல்லைப் பண்டைச் சான்றோர் பயணம் என்னும் பொருளில் வழங்கினர். பாலைத்திணை பயின்றோர் இதனை நன்கறிவர். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் போக்கைச் சிறிது பொழுது தவிர்ந்திருத்தலைச் 'செலவழுங்கல்' என்பது இலக்கண வழக்கு. இந்நாளிலோ அச்சொல்லே கைப்பொருள் கரைதலைக் குறிப்பதாயிற்று. வழிச்செல்லுதற்கும் பொருள் ஒழிதற்கும் ஒரே சொல் அமைந்ததனைத் தமிழ்மக்களின் பட்டறிவு என்று கொள்ளினும் இழுக்கில்லை. இவ்விரு பொருளையும் ஒருங்கு வைத்து ஆராய்தற்கு ஏற்ற நாடு பிரெஞ்சு நாடு. அந்நாட்டில் ஒரு மண்டலத்தினின்றும் மற்றொரு மண்டலத்திற்குச் செல்வோன் புகைவண்டி, வானூர்தி, மோட்டார் வண்டி என்னும் மூன்றனுள் எதனைத் தெரிந்தெடுத்தல் தகும் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். புதுச்சேரி, காரைக்கால் ஆகிய ஊர்களினின்றும் அந்நாட்டிற் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. மேற்படிப்பை நாடிச் செல்லும் மாணவரும் உளர். ஆதலின் இவ்வாராய்ச்சி நம்மவர்க்கு முற்றும் அயலானதன்று.

பிரெஞ்சு நாட்டின் ஐரோப்பியப் பகுதி ஏறத்தாழ ஆறு பக்கம் உடையது. அந்நாட்டார் தம் நாட்டை 'அறுகோணம்' என்றே பேச்சில் வழங்குவர். வடகோடியிலுள்ள துன்கெர்க்குத் துறைமுகத்திற்கும் தென்கோடியிலுள்ள பெர்ப்பிஞான் நகரத்திற்கும் இடையே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தொலைவு உண்டு. இப்பகுதி 2016-ஆம் ஆண்டு முதல் 13 மண்டலங்களாக வகுக்கப்பட்டிருக்கின்றது. அதற்கு முன்னர் 22 மண்டலங்கள் இருந்தன. கடல் கடந்த மண்டலங்கள் ஐந்து வேறு உள. அவற்றைப் பின்னர்க் கூறுவாம்.

ஊர்தியைத் தெரிதல் பயணியின் விருப்பத்தைப் பொறுத்தது என்று மேலோட்டமாக நினைப்போர்க்குத் தோன்றும். அந்நாட்டின் இருப்புப்பாதைப் படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தோர் அங்ஙனம் சொல்லார். பாரிஸ் மாநகரத்தை நடுவாக வைத்து, சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் எல்லைகளையும் கடற்கரைகளையும் நோக்கிப் பாதைகள் பிரிந்து செல்லுகின்றன. 1842-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் விளைவு அது. அக்காலத்தில் பாலம், சாலை முதலியவற்றிற்குரிய அரசாங்கத் துறையின் தலைவராயிருந்த லெகிரான் என்பார் வகுத்த திட்டமாதலின், அதனை 'லெகிரான் விண்மீன்' என்று இன்றும் வழங்குகின்றனர். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரி தாளின்மேல் இட்ட கோடுகளே இன்று ஒரு மாணவன் காலையிற் புறப்பட்டு நண்பகலில் தன் ஊரைச் சேர்வதா, நள்ளிரவிற் சேர்வதா என்பதனை அறுதியிடுகின்றன.

பாதைகளை இட்ட கம்பெனிகள் வெவ்வேறாயிருந்தமையின், பாரிஸில் நிலையங்களும் வெவ்வேறாயின. கிழக்கே ஸ்திராஸ்பூருக்குச் செல்வோன் கிழக்கு நிலையத்தையும், லீலுக்குச் செல்வோன் வடக்கு நிலையத்தையும், லியோன், மர்சேய் செல்வோன் லியோன் நிலையத்தையும், போர்தோ, ரென், நாந்து செல்வோன் மோன்பர்னாஸ் நிலையத்தையும், நார்மண்டிக்குச் செல்வோன் சேன்-லசார் நிலையத்தையும் நாடல் வேண்டும். 1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கம்பெனிகள் யாவும் ஒரே தேசிய நிறுவனமாயின. ஆயினும் நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு மண்டலத்தினின்றும் பிறிதொரு மண்டலம் நோக்கிப் பாரிஸ் வழியாகச் செல்வோன் மூட்டை முடிச்சுகளுடன் நிலத்தடி ரயிலில் இறங்கி நகரத்தைக் குறுக்கே கடந்து, மற்றொரு நிலையத்தில் ஏறுதல் வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்காதவன் வண்டியைத் தவறவிடுவான்.

நிலையங்களைப் பற்றிய ஒரு வேடிக்கையை இங்குச் சொல்லாது விடல் ஆகாது. 1891-ஆம் ஆண்டிற்கு முன் அந்நாட்டில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. அவ்வாண்டில் பாரிஸ் நேரமே நாடு முழுவதற்கும் உரிய நேரம் என்று சட்டம் பிறந்தது. ஆனால் இருப்புப்பாதைக்காரர் நிலையத்தின் வெளிமுகத்திலுள்ள கடிகாரத்தைச் சரியான நேரத்திலும், உள்ளேயுள்ள கடிகாரத்தை ஐந்து நிமிடம் பின்னாகவும் வைத்து வந்தனர். விரைந்தோடி வரும் பயணிக்கு இரங்கி அளித்த சலுகை அது. 1911-இல் அவ்வழக்கம் ஒழிந்தது. இக்காலத்து விரைவு வண்டிகளோ குறித்த நேரத்திற்கு இரண்டு நிமிடம் முன்னரே கதவை அடைத்துவிடுகின்றன. இரக்கம் தேய்ந்தது, விரைவு வளர்ந்தது.

அவ்விரைவைப் பற்றி இனிச் சிறிது கூறுவாம். 'தே.ஜே.வே.' என்று மூன்றெழுத்தாற் சுட்டப்படும் மிகுவேக வண்டி 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே முதன்முதல் ஓடிற்று. மின்னாற்றலால் இயங்கும் அதற்குப் புகையென்பது இல்லை. எனினும் 'புகைவண்டி' என்னும் பழம்பெயரை யாம் விட்டிலேம். எண்ணெய் வேறு பொருள்களினின்றும் எடுக்கப்பட்டும் எள்ளின் பெயரைத் தாங்கி நிற்பதுபோல இதுவும் நிற்கட்டும். இவ்வண்டிக்கெனத் தனியே இடப்பட்ட பாதைகளில் அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலும், சிலவற்றில் 320 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லும். 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் சோதனையாக ஓட்டப்பட்ட ஒரு வண்டி 574.8 கிலோமீட்டர் வேகத்தை எட்டிற்று. 2001-இல் மர்சேயை நோக்கிய பாதையும், 2007-இல் கிழக்குப் பாதையும், 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் போர்தோ, ரென் நோக்கிய பாதைகளும் திறக்கப்பட்டன. அதனால் பாரிஸிலிருந்து லியோனுக்கு இரண்டு மணி, போர்தோவிற்கு இரண்டு மணிக்குச் சற்று மேல், ரென் நகருக்கு ஒன்றரை மணி, ஸ்திராஸ்பூருக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு, மர்சேய்க்கு மூன்று மணிக்குச் சற்று மேல் என்று நேரம் சுருங்கிற்று.

மர்சேய்ப் பயணத்தையே எடுத்து எண்ணிப் பார்ப்போம். வானூர்தி பாரிஸினின்றும் மர்சேய்க்கு ஒன்றேகால் மணியளவிற் பறந்துவிடும் என்று விளம்பரம் கூறும். அது வானத்திலிருக்கும் நேரம் மட்டுமே. பாரிஸ் நகரின் நடுவிலிருந்து விமான நிலையம் சேர ஒரு மணி. மூட்டையை ஒப்படைத்துச் சோதனைகளைக் கடந்து காத்திருக்க ஒன்றரை மணி. இறங்கியபின் மரிஞான் என்னும் இடத்திலுள்ள நிலையத்தினின்றும் மர்சேய் நகருக்குள் வர அரை மணிக்கு மேல். கூட்டிப் பார்ப்பின் நாலரை மணியை நெருங்கும். புகைவண்டியோ நகரின் நடுவிற் புறப்பட்டு நகரின் நடுவிற் கொண்டுவிடும். மர்சேயில் இறங்கியவன் நிலையத்தின் வாயிலில் நின்றால், 104 படிகளையுடைய பெரும் படிக்கட்டின் கீழே நகரம் விரிந்து கிடப்பதனைக் காண்பான். வீட்டைவிட்டுப் புறப்பட்டது முதல் எண்ணினும் நான்கு மணிக்கு மிகுதியாகாது. அந்நான்கு மணியிலும் மூன்று மணி மடியிற் புத்தகத்தை விரித்துப் படிக்கத் தகும் நேரம். வானூர்திப் பயணியின் நேரமோ வரிசைகளில் நின்று துண்டு துண்டாய்ச் சிதறுகின்றது. மூன்று மணி அளவிற்குள் அடங்கும் வழியாயின் புகைவண்டியே மேல் என்று யாம் துணிந்து கூறுவோம்.

ஆனால் எல்லா நிலையங்களும் நகரின் நடுவில் இல்லை. வேகப் பாதை வளைவின்றிச் செல்லவேண்டியிருத்தலின், சிற்றூர்களுக்காக இடைவெளியில் நிலையங்களை அமைத்தனர். அமியேன், சேன்-காந்தேன் என்னும் இரண்டு நகரங்களுக்கு நடுவே வெறும் வயலில் நிற்கும் நிலையத்தை மக்கள் 'பீட்டுக்கிழங்கு நிலையம்' என்று நகையாடுவர். சுற்றிலும் அக்கிழங்குப் பயிரே உள்ளது. ஆதலின் பயணச்சீட்டில் ஊர்ப்பெயரின் பின் அம்மூன்றெழுத்துக் காணப்படின், நிலையம் ஊருக்கு வெளியே இருத்தல் கூடும் என்று ஐயுற்று விசாரித்துக் கொள்ளுதல் நன்று.

இவ்வாராய்ச்சி நேரத்தைப் பற்றியது மட்டுமன்று. அந்நாட்டின் மின்னாற்றலிற் பெரும்பகுதி அணு உலைகளிற் பிறப்பது. அதனால் மிகுவேக வண்டியிற் செல்லும் ஒருவர்பொருட்டுக் கிலோமீட்டர் ஒன்றிற்கு வெளிப்படும் கரிவளி ஏறத்தாழ 3 கிராம் அளவே என்று கணக்கிட்டுள்ளனர். உள்நாட்டு வானூர்தியிற் செல்பவர்க்கு அது 200 கிராமிற்கு மேற்படும். பெட்ரோல் வண்டியும் அவ்வளவிற்கு அணித்தாகவே புகை கக்கும். ஆயின் அவ்வளவை உள்ளே அமர்ந்தோர் பகிர்ந்துகொள்வதால், நால்வர் சென்றால் நான்கிலொன்றாய்க் குறையும். உலகம் வெம்மையுறுவதனைக் கண்ணாற் காணும் தலைமுறையினராகிய நாம் இவ்வெண்களை எளிதிற் கடந்து போதல் இயலாது.

இதுபற்றி எழுந்த ஒரு வழக்கை விரித்துரைத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் அந்நாட்டரசாங்கம் குடிமக்களுள் 150 பேரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, காலநிலை பற்றி ஆராயுமாறு பணித்தது. ஆசிரியர், தொழிலாளர், மாணவர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் அமர்ந்த அவை அது. நம் பண்டை ஊர்ச்சபைகளின் குடவோலை முறையை நினைவூட்டுவதாகலின் தமிழ் மாணவர்க்கு இது சுவையுடைய செய்தியாம். நான்கு மணிக்குட்பட்ட நேரத்திற் புகைவண்டியாற் செல்லத்தகும் வழிகளில் வானூர்தியை நிறுத்துக என்று அவ்வவை கூறிற்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் சட்டமாகி வெளிவந்தபோது நான்கு மணி இரண்டரை மணியாகச் சுருங்கியிருந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆணை பிறந்தபோது அதனால் தடையுற்ற வழிகள் மூன்றேயாம்: பாரிஸின் ஓர்லி நிலையத்தினின்றும் லியோன், போர்தோ, நாந்து ஆகியவற்றிற்குச் செல்வன. பாரிஸின் மற்றொரு நிலையமாகிய சார்ல் தெ கோல் வழியாக வெளிநாட்டு விமானம் மாறுவோர்க்குரிய பறப்புகள் தொடரலாயின.

இச்சட்டத்தை ஏளனம் செய்தோர் உளர். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தனர் என்றனர். யாம் அங்ஙனம் கூறோம். வானூர்தியிற் செல்லுதல் பணமுடையோன் உரிமை என்று இருந்த நிலையில், பொதுநலம் கருதி அதற்கும் ஓர் எல்லை இடலாம் என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதியது சிறுசெயலன்று. ஆயினும் ஒன்று உண்மை. அச்சட்டம் தொட்ட மூன்று வழிகளும் பாரிஸினின்றும் புறப்படுவன. சிறந்த புகைவண்டி முன்னமே உள்ளவர்க்கே அது புகைவண்டியிற் செல்க என்று கட்டளையிட்டது. புகைவண்டி இல்லாதார்க்கு அதனைக் கொடுக்கும் கடமையைப் பற்றி அந்த ஆணை யாதும் பேசவில்லை.

அத்தகையோரின் நிலையை உணர்தற்குப் போர்தோவினின்றும் லியோனுக்குச் செல்லும் வழி தக்கதொரு சான்று. ஒன்று மேற்குக் கடலை அடுத்த திராட்சைத் தோட்டங்களின் தலைநகர். மற்றொன்று ரோன் ஆற்றங்கரையில் உள்ள பட்டு நெசவின் பழம்பதி. இரண்டும் நாட்டின் பேரூர்கள். காகம் பறக்கும் நேர்வழியில் இடைத்தொலைவு 450 கிலோமீட்டருக்கும் உட்பட்டது. இடையில் மாசிப் சென்ட்ரல் என்னும் பழைய எரிமலைத் தொகுதி கிடக்கின்றது. முற்காலத்தில் லிமோஜ் முதலிய ஊர்களின் வழியாக மலையை வளைந்தேறி ஒரு வண்டி மெல்லச் சென்றுகொண்டிருந்தது. 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் அது நின்றுவிட்டது. இன்று இருப்புப்பாதையிற் செல்வோன் போர்தோவிலிருந்து வடக்கே பாரிஸ் வரை ஏறிச்சென்று, மோன்பர்னாஸ் நிலையத்தினின்றும் லியோன் நிலையத்திற்கு மாறி, மீண்டும் தெற்கே இறங்குதலே பெரும்பாலும் விரைவான வழி. முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கடக்க மற்றை இரு பக்கங்களையும் நடப்பவனை ஒக்கும் அவன் நிலை. ஐந்து மணிக்கு மேல் ஆகும். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டருக்குக் கட்டணம் கொடுத்தல் வேண்டும்.

வானூர்தியோ அவ்விரு நகரங்களையும் ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் இணைக்கும். மோட்டாரிற் செல்வோன் கிளெர்மோன்-பெரான் வழியாக அமைந்த சுங்கச் சாலையில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் ஓட்டி, ஐந்தரை மணி முதல் ஆறு மணியளவிற் சேர்வான். இங்கு நேரத்தை மட்டும் கருதுவார்க்கு வானூர்தியே வெல்லும். கரிவளியைக் கருதுவார்க்குச் சுற்றிச் செல்லினும் புகைவண்டியே வெல்லும். இருவர் மூவராய்ச் செல்லும் குடும்பத்தார் கணக்கில் மோட்டாரே வெல்லும்.

இப்பழம்பாதையில் மீண்டும் வண்டி ஓட்ட 2019-ஆம் ஆண்டில் 'ரெயில்கோப்' என்னும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றிற்று. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் சிறு சிறு பங்கு வாங்கி அதன் உறுப்பினராயினர். தங்கள் ஊர்க் குறுக்கே மீண்டும் ஒரு வண்டி செல்லவேண்டும் என்பதற்காகச் சேமிப்பினின்றும் பணம் எடுத்துக் கொடுத்தோர் அவர்கள். வண்டிகளை வாங்கிச் செப்பனிடுதற்கு வேண்டிய பெருமுதல் கிட்டவில்லை. 2024-இல் அச்சங்கம் கலைக்கப்பட்டது. இரு பெரும்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் 40,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டிருந்த அந்நாட்டு இருப்புப்பாதை இன்று ஏறத்தாழ 28,000 கிலோமீட்டராய்க் குறைந்திருக்கின்றது; அவற்றுள் மிகுவேகப் பாதை 2,700 கிலோமீட்டர் அளவினது. விரைவு பெற்ற ஊர்களின் பெயர் செய்தித்தாளில் வந்தது. வண்டியை இழந்த ஊர்களின் பெயர் அவ்வூராரன்றி வேறெவர் நாவிலும் இல்லை.

துலூஸ், நீஸ் என்னும் இரண்டையும் பற்றி நீட்டிக் கூறவேண்டுவதில்லை. பாரிஸினின்றும் துலூஸ் செல்லும் வண்டி போர்தோ வரை பறவைபோற் சென்று அதற்கப்பாற் பழம்பாதையில் நடைபோடுவதால் நாலேகால் மணிக்கு மேலாகின்றது. நீஸ் நகருக்கோ ஆறு மணிக்கு அணித்தாகும். ஆகவே இவ்விரண்டு வழிகளிலும் வானூர்திக் கூட்டம் மிகுதி. துலூஸ் நகரத்திலேயே ஏர்பஸ் வானூர்திகள் கட்டப்படுகின்றன என்பதும், 1918-ஆம் ஆண்டிலேயே லத்தேகோயேர் என்பார் அங்கிருந்து வானஞ்சல் தொடங்கினார் என்பதும் நினைவுகூரத் தக்கவை. அவ்வஞ்சலிற் பணிசெய்த செந்தெக்ஸ்யுபெரி என்னும் எழுத்தாளரின் பெயரையே லியோன் விமான நிலையம் இன்று தாங்குகின்றது. அந்நிலையத்தினுள்ளேயே மிகுவேக வண்டி வந்து நிற்பதும் ஒரு நயம்.

இனி மோட்டார். அறுகோணத்தின் வடகிழக்கினின்றும் தென்மேற்கு வரை மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த ஒரு நிலப்பரப்பு குறுக்கே கிடக்கின்றது. நில நூலார் அதனை 'வெறுமையின் மூலைக்கோடு' என்பர். அங்குள்ள சிற்றூர்களில் நாளொன்றிற்கு இரண்டு பேருந்து வருதலே பெரிது. மருத்துவனையும் பள்ளியையும் சந்தையையும் அடைய மோட்டார் இன்றியமையாதது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் மஞ்சட் சட்டை அணிந்தோர் நாடெங்கும் நாற்சந்திகளை மறித்து எழுந்தனர் அல்லரோ? எரிபொருள் வரியே அதற்கு உடனடிக் காரணம். ஒவ்வொரு மோட்டாரிலும் விபத்துக் காலத்தில் அணிதற்கென வைத்திருக்கச் சட்டம் வற்புறுத்திய மஞ்சட் சட்டையே அவர்களுக்குக் கொடியாயிற்று. மேலும் உயரவிருந்த வரியை அரசாங்கம் டிசம்பர் மாதத்தில் கைவிட்டது. புகையைக் குறைத்தற்கு வரி வேண்டும் என்னும் வாதம் தவறன்று. ஆயினும் வேறு வழியொன்றும் காட்டாமல் இருக்கும் ஒரே வழிக்கு வரி விதித்தல் நீதியாமோ என்று அவர்கள் கேட்ட கேள்வியும் தவறன்று. பாரிஸில் வாழ்பவன் ஊர்தியைத் தெரிந்தெடுக்கின்றான். மலைச்சிற்றூரில் வாழ்பவனையோ ஊர்தி தெரிந்தெடுத்துவிட்டது.

வெளியூரினின்றும் சென்ற பயணிக்கு மோட்டாரின் கணக்கு வேறு. நெடுஞ்சாலைகளிற் சுங்கம் உண்டு. பாரிஸினின்றும் மர்சேய் வரை 775 கிலோமீட்டர்; சுங்கம் மட்டும் 60 யூரோவிற்கு மேற்படும்; எரிபொருள் 50 லிட்டர் அளவு வேண்டும்; நிறுத்துமிடத்திற்கு நகரங்களில் தனிக்கட்டணம். தனியொருவன் செல்வானாயின் இது வீண்செலவே. நால்வர் ஒருங்கு செல்வாராயின் புகைவண்டியினும் மலிவாதல் கூடும். மேற்கிலுள்ள பிரத்தாஞ் மண்டலத்தில் மட்டும் விரைவுச் சாலைகளுக்குச் சுங்கம் இல்லை. ஆதலின் அங்கு மோட்டாரிற் சுற்றுதல் சிக்கனமாம். சுங்கச் சாலையில் வேகத்தின் வரம்பு 130 கிலோமீட்டர். மழை பெய்யும்போது 110. வலப்பக்கமாகவே ஓட்டுதல் வேண்டும். குறியொன்றும் இல்லாத சந்தியில் வலப்புறத்தினின்றும் வருபவர்க்கே முதலுரிமை. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம்மவர் இவ்விதியை மறந்தால் பயணம் மருத்துவமனையில் முடியும்.

மோட்டாரிற் செல்வோர் நாளும் பார்த்தல் வேண்டும். 1936-ஆம் ஆண்டில் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் இரண்டு வாரம் விடுமுறை அளிக்கச் சட்டம் செய்யப்பட்டபோது, அவர்கள் குறைந்த கட்டணத்திற் புகைவண்டியேறி முதன்முறையாகக் கடலைக் காணச் சென்றனர். அவ்விடுமுறை வளர்ந்து இப்பொழுது ஐந்து வாரமாகியிருக்கின்றது. கடலுக்குச் செல்வோர் பெரும்பாலும் மோட்டாரிற் செல்கின்றனர். ஜூலை மாதத்தில் விடுமுறை கொண்டோர் திரும்புதலும் ஆகஸ்டு மாதத்தில் விடுமுறை கொண்டோர் புறப்படுதலும் ஒரே சனிக்கிழமையில் நிகழும். அன்று தென்றிசைச் சாலை முழுதும் வண்டிகள் அசையாது நிற்கும். இத்துன்பத்தைத் தணிக்க 1976 முதல் 'சூதறிந்த காட்டெருது' என்னும் பொருளுடைய பெயரால் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டு வருகின்றது. அது நாள்களைப் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நான்காக வகுக்கும். நம்மிடை இராகுகாலம் பார்த்துப் புறப்படுவார் உண்டு. அவர்கள் கறுப்பு நாள் பார்த்துத் தங்குவர். இவ்விரண்டனுள் பின்னதற்குக் காரணம் காட்டலாம் என்பதே வேற்றுமை.

புகைவண்டிக் கட்டணத்திலும் ஒரு சூது உண்டு. மண்டலங்களுக்குள் ஓடும் வட்டார வண்டிகளுக்குக் கட்டணம் பெரும்பாலும் நிலையானது. இடம் முன்பதிவு செய்யவும் வேண்டா. மிகுவேக வண்டிக்கோ தேவை மிகுந்தபோது விலை ஏறும். சில வாரம் முன்னர் வாங்கியவனும் முந்தினநாள் வாங்கியவனும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். பின்னவன் முன்னவனினும் பன்மடங்கு கொடுத்திருப்பான். 2013 முதல் 'உய்கோ' என்னும் மலிவு வண்டிகள் ஓடுகின்றன. 27 வயது வரையுள்ள இளைஞர்க்கு ஆண்டுச் சலுகைச் சீட்டும் உண்டு. மாணவர்கள் அந்நாட்டில் இறங்கியவுடன் முதலில் வாங்கத்தக்கது அதுவே. வேலைநிறுத்தம் அந்நாட்டிற் புதுமையன்று. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுத்தத்திற் சேரும் ஊழியர் முன்னதாகத் தெரிவிக்கவேண்டியிருத்தலின், எவ்வண்டி ஓடும் எவ்வண்டி ஓடாது என்பது முந்தின நாளிலேயே வெளியாகும். அதனைப் பாராது நிலையத்திற்குச் சென்று முணுமுணுத்தலாற் பயனில்லை. அத்தகைய நாள்களில் ஒருவர் மோட்டாரிற் பிறரும் பங்குகொடுத்து ஏறிச்செல்லும் வழக்கம் பெரிதும் கைகொடுக்கும். 2006-இல் அந்நாட்டிலே தோன்றிய 'பிளாபிளாகார்' என்னும் நிறுவனம் அதற்கு வாயில்.

விரைவும் விலையும் ஒருபுறம் நிற்க, லூர்து நகரத்துப் புகைவண்டிகளைப் பற்றி ஒரு சொல். 1858-இல் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி கண்ட காட்சிகளால் உலகறிந்த அம்மலையூருக்கு 1866-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. அக்காலந் தொட்டு நாட்டின் ஒவ்வொரு பகுதியினின்றும் நோயாளரை ஏற்றிவரும் யாத்திரை வண்டிகள் ஓடியுள்ளன. எழுந்து அமர இயலாதார்க்குப் படுக்கையமைந்த பெட்டிகளும், உடன்வந்து ஊதியமின்றித் தொண்டுசெய்யும் செவிலியரும் இளைஞரும் அவற்றில் உண்டு. நாம் எத்திருச்சபையைச் சார்ந்தவராயினும் அக்காட்சியை மதியாதிருத்தல் இயலாது. அருகிலேயே விமான நிலையம் ஒன்று உளது. விரைவில் வருவார் அதில் வருகின்றனர். எனினும் படுத்த படுக்கையாய் உள்ளவரை நூற்றுக்கணக்கில் ஒருங்கு கொண்டுவர நீண்ட புகைவண்டியினும் ஏற்ற ஊர்தி வேறில்லை.

கோர்சிகா தீவிற்குச் செல்வோன் மர்சேய், துலோன், நீஸ் ஆகிய துறைகளினின்றும் கப்பலேறலாம், அன்றேல் வானூர்தியேறலாம். தீவினுள்ளே பாஸ்தியாவினின்றும் நெப்போலியன் பிறந்த அழாக்சியோ வரை 1894-இல் முடிவுற்ற குறுகிய இருப்புப்பாதை ஒன்று மலைகளைக் குடைந்து செல்கின்றது. அதில் விரைவை நாடுவோன் ஏறவேண்டா.

எஞ்சியவை கடல் கடந்த ஐந்து மண்டலங்கள். அவற்றுள் ரெயூனியோன் தீவு நமக்கு உறவுடையது. 19-ஆம் நூற்றாண்டிற் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்மக்களின் வழித்தோன்றல்கள் அங்குப் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். மொழி பெரும்பாலும் மறைந்தும் குடும்பப் பெயர்களும் கோயில்களும் நிற்கின்றன. பாரிஸினின்றும் அத்தீவு ஏறத்தாழ 9,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. பதினொரு மணி நேரம் இந்துமாக்கடலை நோக்கிப் பறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அஃது உள்நாட்டுப் பயணமே. அவர்கள் முன்னோர் கப்பலிற் சென்றனர்; இவர்களுக்கு வானூர்தியன்றி வேறு தெரிவில்லை. அங்குள்ள விமான நிலையத்திற்கு 1888-இல் அத்தீவிற் பிறந்த ரோலண்ட் காரோஸ் என்பாரின் பெயர் இடப்பட்டுள்ளது. பாரிஸிலுள்ள டென்னிஸ் ஆட்டக்களத்தால் அப்பெயரை அறிந்தோர் பலர். அவரோ 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் மத்தியதரைக் கடலை முதன்முதற் பறந்து கடந்த வானோடி. அத்தீவிலும் 1882 முதல் கடலோரமாக ஓர் இருப்புப்பாதை ஓடிற்று. சென்ற நூற்றாண்டில் அது மூடப்பட்டது. மோட்டார் நெரிசல் தாங்கவொண்ணாததாகவே, மலைக்கும் அலைக்கும் நடுவே கடலினுள் தூண் நிறுத்தி 5.4 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் ஒன்றைக் கட்டி 2022-இல் திறந்தனர். விமானத்தினின்றும் இறங்கி மேற்குக் கரைக்குச் செல்வோர் இன்று அதன்மேல் மோட்டாரிற் செல்கின்றனர்.